ஏஜென்ட் 'வேண்டாம்' என்ற பிறகு: மலையகக் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நியூயோர்க்கில் மாலை நான்கு மணி என்றால், குளிர்காலத்தில் அட்டனில் அதிகாலை இரண்டரை. அங்கே ஓர் இலக்கிய முகவர் வீட்டுக்குக் கிளம்பும் முன் சேர்ந்து கிடக்கிற மின்னஞ்சல்களைத் தீர்த்துவிட்டுப் போகிறார். இங்கே தலைமாட்டில் போன் ஒருமுறை அதிர்கிறது. கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டி எடுத்துப் பார்த்தால் மூன்று வரி: பார்க்கத் தந்ததற்கு நன்றி, இது எனக்குப் பொருந்துமென்று தோன்றவில்லை, வேறொருவர் வேறுமாதிரி நினைக்கலாம். ஒன்றரை வருட வேலைக்கு மூன்று வரி.

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்துக் கதைகளைத் தமிழிலிருந்து ஆங்கிலமாக்கி, வெளிநாட்டில் நூலாகக் கொண்டுவர முயல்கிற எவருக்கும் இது நேர்ந்திருக்கும்; இல்லையென்றால் இனி நேரும். அந்த இரவிலிருந்து அடுத்த கடிதத்தை அனுப்பும் நாள்வரை என்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்யலாம் என்று இங்கே எழுதுகிறேன். ஏஜென்ட் என்றும் முகவர் என்றும் மாறி மாறி வரும். இரண்டும் ஒருவரைத்தான் குறிக்கும்: நம் சார்பில் நூலைப் பதிப்பகங்களுக்கு விற்றுத் தருகிறவரை.

முதல் படி: அன்றிரவு பதில் எழுதாதீர்கள்

நான் எழுதினேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. "மலையகம் பற்றி உங்களுக்குத் தெரியாததால்தான் இப்படிச் சொல்கிறீர்கள்" என்று ஆரம்பித்து, 1823இல் முதல் கோப்பித் தோட்டத்துக்கு ஆட்கள் வந்ததிலிருந்து 1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என்று இரண்டு பக்கத்துக்கு வரலாற்றுப் பாடம். விடியும் முன் அனுப்பியும் விட்டேன். பதில் வரவில்லை. ஏன் வரவேண்டும்? அவர் கேட்டது கதை. நான் அனுப்பியது பரீட்சை விடைத்தாள்.

ஏஜென்ட் மறுத்தால் பதில் தேவையில்லை. நன்றிக் கடிதம்கூட வேண்டாம். அது அவருடைய பெட்டியில் இன்னொரு வேலையாகப் போய் நிற்கும். அவர் தனிப்பட்ட முறையில் நேரமெடுத்துக் கருத்து எழுதியிருந்தால் மட்டும், இரண்டு நாள் கழித்து இரண்டு வரி நன்றி போதும். அதில் வாதம் கூடாது. 'ஒருவேளை மறுபரிசீலனை செய்தால்' என்ற வாலும் கூடாது.

போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுப்பது நல்லது என்பதைச் சொல்லத் தேவையில்லை. லயத்துக் காம்பராவில் வேறு அறைக்கு எங்கே போவது என்று கேட்டால், அதுவும் சரிதான். இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், வையுங்கள்.

இரண்டாம் படி: வந்தது எந்த வகை மறுப்பு என்று பாருங்கள்

எல்லா மறுப்பும் ஒரே மறுப்பு இல்லை. ஆனால் முதல் ஐந்தாறு வரும்வரை நமக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை.

அதிகம் வருவது அச்சுக் கடிதம். உங்கள் பெயரும் நூலின் பெயரும் மட்டும் மாறும், மீதி எல்லாருக்கும் ஒன்றுதான். "என் மனதோடு ஒட்டவில்லை", "என் பட்டியலுக்குப் பொருந்தாது", "இந்தச் சந்தையில் என்னால் போதிய ஊக்கத்தோடு கொண்டுசெல்ல முடியாது" என்றெல்லாம் வரும். இந்தச் சொற்களைக் கிண்டிக் கிளறி அர்த்தம் தேடாதீர்கள். 'ஊக்கம்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நானும் என் நண்பரும் அட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒரு பின்னேரம் முழுக்கப் பேசியிருக்கிறோம். பிற்பாடு அதே வாக்கியம், கமா உட்பட, அவருக்கும் வந்தது.

அடுத்தது மௌனம். பல முகவர்கள் தங்கள் தளத்திலேயே எழுதிவைத்திருப்பார்கள்: இத்தனை வாரத்துக்குள் பதில் வராவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்ளவும் என்று. பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரம். அந்தக் கெடு முடிந்ததும் ஸ்பாம் பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். மௌனத்தை 'இன்னும் யோசிக்கிறார்' என்று வாசிக்கிற பழக்கம் எங்களூரில் எல்லாருக்கும் உண்டு. கல்யாணப் பேச்சில் அது சரியாக இருக்கலாம்.

மூன்றாவது வகை அரிது. கதைக்குள்ளிருந்து ஏதாவதொன்றைச் சுட்டிக்காட்டும் கடிதம்: ஒரு பாத்திரம், ஒரு காட்சி, ஒரு குறை. இது வந்தால் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உண்மையாகவே பக்கங்களைப் புரட்டியிருக்கிறார். நான்காவது, அதைவிட அரிது: 'இன்னின்னது திருத்தினால் மறுபடி பார்க்கிறேன்.' இதை மறுப்பு என்று எண்ணிச் சோர்ந்து ஒதுக்கிவைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அது மறுப்பே இல்லை, வேலை உத்தரவு. ஆனால் அதற்கு நான்கு நாளில் திருத்தி அனுப்பாதீர்கள். இரண்டு மூன்று மாதம் எடுத்தால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

மூன்றாம் படி: ஏஜென்டின் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

இங்கேதான் என் மனம் ஆறியது. அறிவுரையால் ஆறவில்லை, கணக்கால் ஆறியது.

முகவர் உங்களிடம் சம்பளம் வாங்குவதில்லை. நூல் விற்றால் அதில் ஒரு பங்கு: உள்நாட்டு விற்பனையில் பொதுவாக 15 வீதம், வெளிநாட்டு உரிமைகளில் 20 வீதம். ஒரு சிறிய பிரிட்டிஷ் பதிப்பகம் ஒரு மொழிபெயர்ப்பு நூலுக்கு 2000 பவுண் முன்பணம் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முகவருக்கு 300. அதற்காக அவர் மாதக்கணக்கில் பதிப்பாசிரியர்களுக்கு எழுதவேண்டும், ஒப்பந்தம் பார்க்கவேண்டும், உரிமைச் சிக்கல் தீர்க்கவேண்டும். லண்டனில் ஒரு அலுவலக அறைக்கு வாடகையும் கட்டவேண்டும்.

இதற்கு மேல், அவருக்குத் தமிழ் தெரியாது. மூலத்தை வாசித்துத் தீர்மானிக்க முடியாது. நீங்கள் தருகிற இருபது பக்க மாதிரியை நம்பித்தான் ஒரு முழு நூலை ஏற்கவேண்டும். மூல எழுத்தாளர் ஆங்கிலத்தில் பேட்டி கொடுப்பாரா, இலக்கிய விழாவுக்கு வருவாரா என்றும் யோசிப்பார். அமெரிக்காவில் வெளியாகும் நூல்களில் மொழிபெயர்ப்பு மூன்று வீதமளவில்தான் என்பது அந்தத் துறையில் பழகிப்போன பேச்சு. அந்த மூன்றிலும் பிரெஞ்சும் ஸ்பானியமும் ஜப்பானியமும் இடம்பிடித்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதில்தான் நம் வரிசை வருகிறது.

இன்னொன்று: நம்மவர்களில் பலர் கொண்டுபோவது சிறுகதைத் தொகுப்பு. மலையக இலக்கியத்தின் பலம் சிறுகதை, அதனால் அது இயல்புதான். ஆனால் சிறுகதை என்றாலே பல முகவர்கள் மின்னஞ்சலை மூடிவிடுவார்கள். அது உங்கள் மொழிபெயர்ப்பின் மீதான தீர்ப்பு அல்ல. 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது ஒரு சிறுகதைத் தொகுப்பு, அதுவும் கன்னடத்திலிருந்து: பானு முஷ்தாக் எழுதி தீபா பாஸ்தி மொழிபெயர்த்த பன்னிரண்டு கதைகள். சிறுகதைத் தொகுப்பொன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. இதை மறுபடி அடுத்த கடிதத்தில் ஒரு வரியாகப் போடலாம். ஒரு வரிதான், ஒரு பத்தி அல்ல.

நான்காம் படி: மூல எழுத்தாளருக்கு எப்படிச் சொல்வது

ஆங்கிலத்தில் வருகிற எந்த வழிகாட்டியிலும் இதை நான் பார்த்ததில்லை. அவர்கள் 'நிராகரிப்பைத் தாங்குவது' என்று எழுதும்போது ஒரு ஆளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். மொழிபெயர்ப்பில் இரண்டு ஆட்கள். மறுப்பு என் பெட்டிக்கு வருகிறது, ஆனால் மறுக்கப்பட்டது தலவாக்கலைப் பக்கத்தில் இருக்கிற எழுபத்தெட்டு வயது ஓய்வுபெற்ற ஆசிரியரின் கதை.

முதல் மறுப்பை நான் அவரிடம் மூன்று வாரம் மறைத்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன்.

"என்ன தம்பி, பதில் வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க ஐயா. வேணாம்னுட்டாங்க."

சாயத்தண்ணிக் கிளாசைக் கையில் உருட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் சிரித்தார்.

"கூரைத் தகரம் மாத்தித் தாங்கன்னு தொரைக்கு எங்க லயத்துல எத்தனை பெட்டிசன் போட்டிருப்போம் தெரியுமா? ஒண்ணுக்காச்சும் பதில் வந்ததில்ல. இவங்க பதில் போட்டிருக்காங்களே."

நான் தேறிவிட்டேன் என்று நினைத்த நேரத்தில் கேட்டார்: "கதையப் படிச்சாங்களாமா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அச்சுக் கடிதம் அதைச் சொல்லாது.

அன்றைக்குப் பிறகு நாங்கள் ஓர் ஏற்பாடு வைத்துக்கொண்டோம். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேருக்கு அனுப்புகிறோம், எப்போது அனுப்புகிறோம் என்று முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மறுப்புக்கும் தனித்தனியாகப் போன் போடுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகச் சொல்கிறேன். கடிதத்தில் கதையைப் பற்றி ஏதாவது இருந்தால் அதை அப்படியே தமிழில் எழுதிக் கொடுக்கிறேன், கூட்டாமல் குறைக்காமல். மறுப்புக் கடிதத்திலுள்ள சம்பிரதாயப் பாராட்டைத் தமிழில் சொல்லும்போது அது பெரிதாகிவிடும். 'அருமையான எழுத்து' என்று நான் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டு, "அருமைன்னா ஏன் வேணாம்னாங்க?" என்ற கேள்விக்கு மாட்டிக்கொண்டேன்.

ஐந்தாம் படி: உரிமைப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்

மறுப்பு வந்த இடைவெளியில் செய்யவேண்டிய மிக உருப்படியான வேலை இது. முகவரோ பதிப்பகமோ ஆர்வம் காட்டினால் முதலில் கேட்கிற கேள்வி: உரிமை யாரிடம்? இதற்கு மழுப்பினால் வந்த வாய்ப்பும் போய்விடும்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை எழுத்தாளரின் வாழ்நாளுக்கும், இறந்தபின் 70 ஆண்டுக்கும் உண்டு. மொழிபெயர்க்கிற உரிமையும் அதற்குள் அடக்கம். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை காலமானது 1984இல். அப்படியானால் அவருடைய எழுத்துக்கு 2054வரை அனுமதி வேண்டும். 'பழைய ஆள்தானே, யார் கேட்கப்போகிறார்கள்' என்று ஆரம்பிக்காதீர்கள். கேட்பது பேரப்பிள்ளையாக இருக்காது, லண்டன் பதிப்பகத்தின் சட்டப் பிரிவாக இருக்கும்.

உயிரோடு இருக்கிற எழுத்தாளர் என்றால் காரியம் சுலபம். நம் ஊரில் பல தொகுப்புகள் எழுத்தாளர் கைக்காசில் அச்சடித்தவை, அல்லது ஒரு மன்றமோ நண்பர் வட்டமோ போட்டவை. எழுத்தில் ஒப்பந்தமே இருக்காது. அது ஒருவகையில் நல்லது, உரிமை எழுத்தாளரிடமே இருக்கிறது என்று பொருள். ஆனாலும் பழைய பதிப்பாளரிடம் ஏதாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரா என்று கேட்டுவையுங்கள்.

இறந்துபோன எழுத்தாளர் என்றால்தான் வேலை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத் தமிழர் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியா ஏற்பதென்று தீர்மானமானது. அதன் பின் வந்த வருடங்களில் ஒரே குடும்பத்தில் பாதி இங்கே, பாதி அங்கே. நான் மொழிபெயர்க்க நினைத்த ஓர் எழுத்தாளரின் மூத்த மகன் மஸ்கெலியாவில். இரண்டு மகள்மார் நீலகிரியில், கோத்தகிரிப் பக்கம். மூத்தவர் "நான் சொன்னா சரி" என்றார். சரியில்லை. வாரிசுகள் எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். வாட்ஸ்அப்பில் அக்காமார் இருவரையும் தேடிப் பிடித்து, பேசி, அவர்கள் அப்பாவின் கதையில் வருகிற பெரியம்மாவைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டு, கடைசியில் கையெழுத்து வாங்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் எனக்கு நான்கு மறுப்பு வந்தது. ஒன்றும் உறைக்கவில்லை, வேலை இருந்ததால்.

அனுமதிக் கடிதம் ஒரு பக்கம் போதும். எந்தக் கதைகள், எந்த மொழிக்கு, எந்த நாடுகளில் வெளியிட, எத்தனை வருடத்துக்கு, வருகிற பணத்தில் யாருக்கு எவ்வளவு, இந்தக் காலத்தில் வேறொரு மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுப்பதில்லை என்ற உறுதி, திகதி, கையெழுத்து, இரண்டு சாட்சி. காலத்தை இரண்டோ மூன்றோ வருடம் என்று வையுங்கள். காலவரையின்றி எழுதி வாங்குவது எழுத்தாளருக்கு நியாயம் இல்லை. உங்களால் முடியாவிட்டால் இன்னொருவர் முயலட்டும்.

ஆறாம் படி: மாதிரிப் பக்கங்களை மறுபடி திறங்கள்

இந்த வேலையை நான் ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு கடிதம் வந்து கட்டாயப்படுத்தியது. "வர்ணனை உயிரோடு இருக்கிறது, ஆனால் பேசத் தொடங்கியதும் எல்லாரும் ஒரே அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் மாதிரி இருக்கிறார்கள்" என்ற பொருளில் ஒரு வரி. கோபமாக வந்தது. மூலத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன்.

கதையில் ஒரு பெண் மலையிலிருந்து இறங்கி வந்து சொல்கிறாள்: "கிலோ கொறஞ்சுபோச்சு. இன்னிக்கி அரைப்பேருதான்."

இதை நான் 'இன்று எனக்குப் பாதி நாள் சம்பளம்தான்' என்று பொருள்படுகிற ஆங்கிலத்தில் போட்டிருந்தேன். தகவல் சரி. ஆனால் தோட்டத்தில் சம்பளத்துக்குப் பேர் என்றுதான் பேர். வேலைக்குப் போனால் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், பேர் விழும், கொழுந்து குறைந்தால் அரைப்பேர், போகாவிட்டால் பேர் இல்லை. அந்தப் பெண் சொல்வது பணக்கணக்கு மட்டும் இல்லை. அன்றைக்கு அவளுடைய பெயரிலேயே பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் 'இன்று அவர்கள் எழுதியது என் பெயரில் பாதியை' என்று மாற்றினேன். அதற்கு முந்திய பக்கத்தில், கணக்கப்பிள்ளை செக்ரோலைப் புரட்டுகிற காட்சியில் ஒரு அரை வரி சேர்த்தேன். அடிக்குறிப்பு தேவைப்படவில்லை.

இப்படி ஒரு சொல்லைப் பிடித்தால் மற்றவையும் வரிசையாக வரும். நம் தோட்டச் சொற்களில் ஒரு வேடிக்கை உண்டு. லயம் என்பது ஆங்கில 'லைன்'. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு என்பது 'பரேட்'. கொந்தரப்பு என்பது 'கொன்ட்ராக்ட்'. இஸ்தோப்பு ஒல்லாந்தச் சொல். துரைமார் வாயிலிருந்து கீழே விழுந்து, நம் வாயில் நூற்றைம்பது வருடம் ஊறி, இப்போது மறுபடி ஆங்கிலத்துக்குப் போகிறது. திரும்பிப் போகும்போது பழைய சட்டையையே மாட்டி அனுப்பவேண்டுமா? நான் பெரட்டை 'பரேட்' ஆக்குவதை விட்டுவிட்டேன். பெரட்டு என்றே வைக்கிறேன். முதல் தடவை வரும்போது விடியற்காலைக் குளிரும், தப்பு அடிக்கிற சத்தமும், வரிசையில் நிற்கிற ஆட்களும் பக்கத்திலேயே இருக்கிறபடி பார்த்துக்கொள்கிறேன். வாசகர் பிடித்துக்கொள்கிறார்.

எல்லாவற்றையும் இப்படித் தமிழிலேயே விடுவதும் தப்புத்தான். ஒரு பக்கத்தில் ஏழெட்டுச் சாய்வெழுத்து இருந்தால் அது கதை இல்லை, அருங்காட்சியகம். என் கணக்கு: பக்கத்துக்கு இரண்டு. யாரும் சொல்லித் தந்ததில்லை, வாசித்துப் பார்த்து நானே வைத்துக்கொண்டது.

தமிழ் தெரியாத ஒருவரிடம் மாதிரியைச் சத்தமாக வாசிக்கக் கொடுங்கள். அவர் தடுக்கி நிற்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கண்டியில் சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஓர் ஆங்கில ஆசிரியை எனக்கு இதைச் செய்துதந்தார். நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த இரண்டு வாக்கியங்களில் அவர் மூன்று தடவை தடுக்கினார்.

ஒரு எச்சரிக்கை மட்டும். 'தேயிலைத் தோட்டத்தின் மணம் இன்னும் கொஞ்சம்' என்று கேட்கிற கடிதமும் வரும். மூடுபனி, பச்சை மலை, கூடை சுமந்த பெண். அது கதையில் இல்லாவிட்டால் சேர்க்காதீர்கள். அது குறை திருத்தம் இல்லை. சுற்றுலாச் சபை வேலை.

ஏழாம் படி: ஏஜென்ட் இல்லாத கதவுகள்

மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை ஏஜென்ட் பிரதான கதவே இல்லை என்பது எனக்குத் தெரிய நாலு வருடமானது. 2022இல் கீதாஞ்சலி ஸ்ரீயின் ஹிந்தி நாவலை டெய்சி ராக்வெல் மொழிபெயர்ப்பில் பிரிட்டனில் வெளியிட்டது டில்டட் ஆக்சிஸ் என்ற சிறு பதிப்பகம். 2025இன் கன்னடத் தொகுப்பை வெளியிட்டது ஆண்ட் அதர் ஸ்டோரீஸ், அதுவும் சிறு பதிப்பகம். இரண்டுக்கும் சர்வதேச புக்கர் கிடைத்தது. பரிசுப் பணம் 50,000 பவுணும் எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதி. இப்படிப்பட்ட சிறு பதிப்பகங்களில் பல, மொழிபெயர்ப்பாளர் நேரடியாக அனுப்புவதை ஏற்கின்றன. எப்போது ஏற்கிறார்கள் என்று அவரவர் தளத்தில் சமர்ப்பிப்புப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். மூடியிருக்கிற காலத்தில் அனுப்பினால் வாசிக்காமலே போகும்.

அதற்கு முன் ஒன்றிரண்டு கதைகளைப் பத்திரிகையில் வரச்செய்வது என் கட்சி. வேர்ட்ஸ் விதவுட் போர்டர்ஸ், அசிம்ப்டோட் இரண்டும் இணையத்தில் மொழிபெயர்ப்புக்கென்றே இயங்குபவை. கவிதை என்றால் 1965இல் டெட் ஹியூஸும் டேனியல் வைஸ்போர்ட்டும் தொடங்கிய மாடர்ன் போயட்ரி இன் டிரான்ஸ்லேஷன். முழு நூலைத் தூக்கிக்கொண்டு கதவு தட்டுவதைவிட, 'இன்ன இதழில் இந்தக் கதை வந்திருக்கிறது' என்று ஒரு வரி எழுதக் கிடைப்பது வேறுதான்.

பண உதவியும் உண்டு. அமெரிக்க பென் அமைப்பின் ஹைம் நிதிக்கு மொழிபெயர்ப்பாளரே விண்ணப்பிக்கலாம், ஏஜென்ட் வேண்டாம். இங்கிலிஷ் பென் அமைப்பின் பென் டிரான்ஸ்லேட்ஸ் உதவிக்குப் பதிப்பகம்தான் விண்ணப்பிக்கவேண்டும். ஆனால் அப்படியொன்று இருக்கிறது என்று உங்கள் கடிதத்தில் நினைவூட்டலாம், மொழிபெயர்ப்புச் செலவின் பெரும்பகுதி அதில் வரலாம் என்பதால் சிறு பதிப்பகத்தின் தயக்கம் குறையும். மாதிரிப் பக்கங்களை மொழிபெயர்க்கவே பணம் தருகிற பென் பிரசன்ட்ஸ் திட்டமும் அதே அமைப்பினுடையதுதான். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்து தென்னாசிய மொழிபெயர்ப்புகளுக்கென்று ஒரு திட்டம் நடக்கிறது. உள்நாட்டில், மைக்கேல் ஒண்டாச்சி 1992இல் தொடங்கிய கிரேஷியன் பரிசை நடத்துகிற அதே அறக்கட்டளை, எச்.ஏ.ஐ. குணத்திலக்க பெயரில் சிங்களத்திலிருந்தும் தமிழிலிருந்தும் ஆங்கிலத்துக்கு வரும் மொழிபெயர்ப்புக்குப் பரிசு தருகிறது. மலையகத்திலிருந்து இதற்கு அனுப்பத் தயங்குகிறவர்கள் அதிகம். ஏன் என்று எனக்குப் புரிந்ததில்லை.

இந்திய ஆங்கிலப் பதிப்பகங்களையும் இரண்டாம் தரம் என்று நினைக்காதீர்கள். இலங்கை எழுத்தாளர் ஷெஹான் கருணாதிலக்க தன் முதல் நாவலை 2010இல் சொந்தமாக வெளியிட்டார். 2022இல் அவருக்குப் புக்கர் வாங்கித் தந்த நாவல் முதலில் இந்தியாவில் வேறு தலைப்பில் வந்து, பிறகு திருத்தி எழுதப்பட்டு லண்டனில் ஒரு சிறு பதிப்பகத்தால் வந்தது. அவர் எழுதுவது ஆங்கிலத்தில், நம் சங்கடம் வேறு. ஆனால் பாதை இந்தப் பக்கமாகவும் போகிறது. ஒப்பந்தத்தில் மட்டும் 'இந்தியத் துணைக்கண்டம்' என்று எல்லையைக் குறிப்பிட்டு, மிச்ச உலகத்தின் உரிமையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரு நிறுத்தம்: பணம் கேட்பவர்கள்

மறுப்புகள் குவிகிற நேரத்தில், பெட்டியில் ஓர் இனிமையான கடிதம் வரும். உங்கள் நூல் அபாரம், உடனே எடுத்துக்கொள்கிறோம், வாசிப்புக் கட்டணம் இவ்வளவு, அல்லது 'தொகுப்புச் செலவில் உங்கள் பங்கு' இவ்வளவு. நேர்மையான முகவர் வாசிக்கப் பணம் கேட்பதில்லை. அமெரிக்க முகவர் சங்கத்தின் ஒழுக்க விதியே அதைத் தடுக்கிறது. பணம் பதிப்பகத்திலிருந்து நம் பக்கம் வரவேண்டும், எதிர்த் திசையில் அல்ல. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் ஒரு மாதச் சம்பளத்தை இப்படிக் கட்டினார். நூல் வரவில்லை. அந்தக் கடிதம் எழுதியவர் அவருடைய கதையின் தலைப்பைக்கூடத் தப்பாகப் போட்டிருந்தார் என்பதைப் பிற்பாடுதான் கவனித்தோம்.

எட்டாம் படி: செக்ரோல் வையுங்கள்

எக்ஸல் ஷீட்டோ, அப்பியாசக் கொப்பியோ, எதுவானாலும் சரி. நான் அதைச் செக்ரோல் என்றுதான் கூப்பிடுகிறேன். யாருக்கு அனுப்பினேன், எந்தத் திகதி, எந்த மாதிரிப் பதிப்பு, அவர்கள் சொன்ன கெடு, வந்த பதில், அதில் கதையைப் பற்றி ஏதாவது உண்டா. கடைசி நிரல்தான் முக்கியம். அதில் மூன்று பேர் ஒரே குறையை எழுதியிருந்தால், அனுப்புவதை நிறுத்திவிட்டுத் திருத்துங்கள். ஒருவர் மெதுவாக இருக்கிறது என்றும் இன்னொருவர் வேகமாகப் போகிறது என்றும் எழுதியிருந்தால் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

ஒரே நேரத்தில் ஐந்தாறு பேருக்கு மேல் அனுப்பாதீர்கள். ஐம்பது பேருக்கு ஒரே நாளில் அனுப்பினால், மாதிரியில் ஒரு குறை இருந்தால் ஐம்பது கதவும் ஒன்றாகச் சாத்திக்கொள்ளும். இருபத்தைந்து முகவர் ஆனதும் அந்த நூலுக்கு ஏஜென்ட் தேடுவதை நான் நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகு அதே நூலோடு சிறு பதிப்பகம், இதழ், இந்தியா.

காலமும் பார்த்து அனுப்புங்கள். ஒக்டோபரில் பிராங்க்பேர்ட் புத்தகக் கண்காட்சி, மார்ச் பக்கம் லண்டன் கண்காட்சி. அந்த வாரங்களிலும் அவற்றுக்கு முந்திய வாரங்களிலும் உரிமை விற்கிறவர்கள் யாரும் புதுக் கடிதம் பார்ப்பதில்லை. ஓகஸ்டில் பாதிப் பேர் விடுமுறையில், டிசம்பர் பாதியோடு அலுவலகம் அடைத்துவிடும். லண்டன் முடிந்து ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து நமக்குச் சித்திரை வருடப்பிறப்பு லீவு வருகிறது. பள்ளிக்கூடம் இல்லை, பஸ்ஸில் கூட்டம், எங்கேயும் போகமுடியாது. பலகாரம் சுட்டு முடித்த கையோடு அடுத்த ஐந்து கடிதத்தையும் அந்த வாரத்தில் அனுப்பிவிடுங்கள். அனுப்பும் முன் பெறுநரின் பெயரை ஒருமுறை சரிபாருங்கள். நான் ஒருமுறை முந்தின ஏஜென்டின் பெயரோடு அனுப்பியிருக்கிறேன். அதற்கும் அச்சுக் கடிதம்தான் வந்தது.